ரோபோக் கருவிகளின் துணையோடு மீண்டும் நடை பழகுதல்: நோயாளிக்கும் குடும்பத்துக்குமான முழுமையான வழிகாட்டி

பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தவரையோ, பனையிலிருந்து விழுந்து முண்ணாண் (முதுகுத் தண்டுவடம்) காயப்பட்டவரையோ வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் குடும்பத்தின் முதற் கேள்வி, அவர் இனி நடப்பாரா என்பதுதான். யாழ்ப்பாணத்தில் இப்போது அதன் பின்னாலேயே இரண்டாவது கேள்வியும் வருகிறது. கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ இருக்கும் உறவினர் கைபேசிக்கு ஒரு காணொளி அனுப்புகிறார். கால்களில் உலோகச் சட்டம் பூட்டிய ஒருவர் திரையைப் பார்த்தபடி அதில் நடந்துகொண்டிருக்கிறார். "எங்கட அப்பாவுக்கும் இதைச் செய்தால் என்ன? காசை நாங்கள் பார்க்கிறம்" என்ற செய்தியும் கூடவே வந்து சேர்கிறது. அந்தச் செய்திக்குப் பதில் எழுதவேண்டிய குடும்பத்துக்காகவும், அக்குடும்பத்துக்கு ஆலோசனை சொல்லவேண்டிய இளம் இயன்மருத்துவர்களுக்காகவும் இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது.

கருவி செய்வதும் செய்யாததும்

மூளையோ முண்ணாணோ பாதிக்கப்பட்ட பின் நடை திரும்புவது பெருமளவில் திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சியில் தங்கியிருக்கிறது. எஞ்சியுள்ள நரம்புப் பாதைகள் புதிய வேலையை ஏற்றுக்கொள்ள, அதே அசைவு பல நூறு தடவை, கூடியவரை சரியான வடிவத்தில் நிகழவேண்டும். தனியே நிற்க முடியாத ஒருவரை இரண்டு இயன்மருத்துவர்கள் தாங்கி, ஒருவர் தரையில் குந்தியிருந்து காலைத் தூக்கித் தூக்கி வைத்தால், சில பத்துக் காலடிகளுக்குள் நோயாளிக்கு முன்பே அவர்கள் களைத்துவிடுவார்கள். ரோபோ நடைக் கருவி தீர்ப்பது இந்த ஒரு சிக்கலைத்தான். 20 நிமிட அமர்வொன்றில் ஆயிரத்தை அண்டிய காலடிகளை, விழும் ஆபத்து இல்லாமல், எடுத்துவைக்க அது வழி செய்கிறது.

அது செய்யாதவையும் உள. நோயாளி முயலாவிட்டாலும் கால் அசையும். ஆனால் முயலாமல் அசைந்த கால் கற்றுக்கொள்வது மிகக் குறைவு. அத்துடன் இடுப்பை இறுக்கிப் பிடிக்கும் கருவிகளில் உடலைச் சரிவிலிருந்து மீட்கவேண்டிய தேவையே எழுவதில்லை. ஆகவே சமநிலைக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதைப் பின்னால் விரிவாகப் பார்ப்போம்.

ஆய்வுகளின் நிலையையும் சொல்லிவிடுவது நல்லது. பாரிசவாதத்தின் பின்னான இயந்திர நடைப் பயிற்சி பற்றிய, பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் கொக்ரேன் மீளாய்வின் 2020ஆம் ஆண்டுப் பதிப்பு 62 ஆய்வுகளையும் 2,440 பங்கேற்பாளர்களையும் தொகுத்துப் பார்த்தது. இயன்மருத்துவத்தோடு சேர்த்து இக்கருவிகளைப் பயன்படுத்தியவர்கள் பிறர் துணையின்றி நடக்கும் நிலைக்கு வருவது கூடுதலாக இருந்தது. ஏறத்தாழ எட்டுப் பேருக்கு இச்சிகிச்சை அளித்தால் ஒருவர் மேலதிகமாகத் தனியே நடப்பார் என்ற அளவில் அந்தப் பயன் அமைந்தது. முதல் மூன்று மாதங்களுக்குள் இருப்பவர்களும் இன்னும் நடக்கவே முடியாதவர்களுமே அதிக நன்மை பெறுபவர்களாகத் தெரிந்தனர். மறுபுறம், ஏற்கெனவே ஓரளவு நடக்கக்கூடியவர்களிடம் 2008இலும் 2009இலும் அமெரிக்காவில் நடந்த ஒப்பீடுகளில், ரோபோவைவிட இயன்மருத்துவரின் கைத்துணையோடு நடந்தவர்களே நடைவேகத்தில் கூடுதலாக முன்னேறினார்கள். ஊன்றுகோலுடன் கேற் வரை போய்வரும் ஒருவரைப் பெருஞ்செலவில் கருவிக்குள் பூட்டுவதற்கு முன் இந்த முடிவை நினைவிற் கொள்ளவேண்டும். சக்கர நாற்காலியை விட்டு எழ முடியாத, நோய் வந்து ஆறு கிழமையே ஆன ஒருவருக்கு நிலைமை வேறு, அவருக்குத் தாமதிக்கக்கூடாது.

கருவிகளின் வகைகள்

முதலாவது, ஓடுபட்டையின் (ட்ரெட்மில்) மேல் நோயாளியைத் தாங்கு பட்டியால் தொங்கவிட்டு, இடுப்பையும் முழங்காலையும் மோட்டர் பூட்டிய சட்டத்தால் அசைக்கும் வகை. இதில் நன்கறியப்பட்டது லோக்கோமாற். சூரிச் நகரின் பால்கிறிஸ்ற் பல்கலைக்கழக வைத்தியசாலையில் உருவான இதை ஹொக்கோமா என்ற சுவிஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. சூரிச்சில் வாழும் நம்மவர் தொகையை எண்ணிப் பார்த்தால், காணொளி பெரும்பாலும் அங்கிருந்து வருவதில் வியப்பில்லை.

இரண்டாவது, பாதங்களை இரு தட்டுகளில் வைத்து, அத்தட்டுகளை நடையின் பாதையில் இயக்கும் வகை. பேர்லினில் வைத்தியர் ஸ்ரெபான் ஹெசவும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய கருவி இதன் முன்னோடி. பின்னர் வந்த ஜி-ஈஓ போன்றவை படியேறும் அசைவையும் தருகின்றன. முழங்கால் சட்டத்துக்குள் பூட்டப்படாமையால், அதைக் கட்டுப்படுத்தும் பொறுப்பின் ஒரு பங்கு நோயாளியிடமே விடப்படுகிறது.

மூன்றாவது, உடலில் அணிந்துகொண்டு தரையில் நடக்கும் புறச்சட்டங்கள். இஸ்ரேலைச் சேர்ந்த பொறியியலாளர் அமித் கோபர், விபத்தொன்றில் கை கால்கள் செயலிழந்த பின் உருவாக்கிய ரீவோக், 2014இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது. எக்சோ என்ற இன்னொரு சட்டம் 2016இல் பாரிசவாத நோயாளர்களுக்கும் அனுமதிக்கப்பட்டது. யப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் யொஷியுகி சங்காய் உருவாக்கிய ஹால் என்ற சட்டம், தோலின் மேல் ஒட்டிய உணரிகள் வழியாகத் தசைக்கு வரும் மெல்லிய மின்சமிக்ஞையை உணர்ந்து அதற்கேற்ப உதவுகிறது. இவ்வகைச் சட்டங்களுக்கு உடல் அளவின் எல்லை உண்டு: பொதுவாக எடை 100 கிலோவுக்குள்ளும், உயரம் ஏறத்தாழ 150 தொடக்கம் 190 சென்ரிமீற்றருக்குள்ளும் இருக்கவேண்டும், ரீவோக்கின் கீழெல்லை 160. நம்மூர்ப் பெண்களில் பலர் உயரத்தாலேயே தகுதி இழக்கக்கூடும் என்பதால், பயணச்சீட்டு எடுக்கும் முன் அளந்து கேட்பது நல்லது.

நான்காவது, சமநிலைக்கானவை: கூரைத் தண்டவாளத்தில் ஓடும் தாங்கு பட்டிகள், நோயாளியோடு தானே நகரும் தாங்கு சட்டங்கள், எதிர்பாராமல் சரியும் அல்லது நழுவும் மேடைகள் ஆகியன.

கால் துண்டிக்கப்பட்டவர்களின் பாதை வேறானது. செயற்கைக் கால் பொருத்தி நடை பழகுவதே அவர்களுக்குரியது. 1987 முதல் இயங்கிவரும் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையம் இத்துறையில் நீண்ட அனுபவம் கொண்டது.

படி 1: உடல் தயாரா என்று பார்த்தல்

கருவி பற்றி யோசிக்கும் முன் வைத்தியரின் அனுமதி எழுத்தில் வேண்டும். பின்வரும் நிலைகளில் பயிற்சியை ஒத்திவைக்கவோ கைவிடவோ நேரும்: பொருந்தாத என்பு முறிவு, கடுமையான என்புத் தேய்வு, பட்டி படும் இடத்தில் புண், நிலைகுலைந்த இதய நோய், காலின் ஆழ்நாளத்தில் குருதிக்கட்டி, நிமிர்த்த முடியாத மூட்டு இறுக்கம், சொல்வதைப் புரிந்து ஒத்துழைக்க முடியாத மனநிலை.

இவற்றுள் இரண்டைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் வீட்டில் இவை கண்ணிற் படுவதில்லை. முண்ணாண் காயப்பட்டு நீண்டகாலம் நிற்காமல் இருந்தவரின் கால் என்புகள் மெலிந்துவிடும். முழங்காலைச் சுற்றியுள்ள பகுதி சிறு முறுக்கலிலேயே முறியலாம், உணர்ச்சி இல்லாதவருக்கு வலியும் தெரியாது. காயப்பட்டு ஓராண்டுக்கு மேலானவர்களுக்கு என்பு அடர்த்திச் சோதனை செய்யாமல் கருவிக்குள் ஏற்றுவதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். அடுத்தது குருதிக்கட்டி. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, இறுகியிருந்தால் உருவிவிடவும் கூடாது, எண்ணெய் பூசித் தேய்க்கவும் கூடாது. அன்றே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

எழுந்து நிற்கும்போது குருதி அழுத்தம் வீழ்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். படுத்த நிலையில் ஒருமுறையும், நிமிர்த்தி மூன்று நிமிடங்களுக்குள் இன்னொரு முறையும் அளக்கும்போது மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், முதலில் சாய்மேசையில் படிப்படியாக நிமிரப் பழக்கவேண்டும்.

படி 2: தொடக்க நிலையை அளந்து எழுதுதல்

அளக்காமல் தொடங்கிய பயிற்சியில் பயன் இருந்ததா என்று பின்னர் யாராலும் சொல்ல முடியாது. "முன்னேற்றம் தெரியுது" என்று எல்லோரும் சொல்வார்கள். பணம் அனுப்புபவரும் அதை நம்புவார். எனவே முதல் நாளே எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

நடக்கத் தேவைப்படும் துணையைப் பூச்சியம் முதல் 5 வரையான ஓர் அளவுகோலில் இயன்மருத்துவர் மதிப்பிடுவார். பூச்சியம் என்றால் நடக்கவே முடியாது அல்லது இருவர் துணை வேண்டும், 5 என்றால் எந்தத் தரையிலும் தனியே நடப்பார். சமநிலைக்குப் பேர்க் அளவுகோல் உண்டு: 14 செயல்கள், மொத்தம் 56 புள்ளிகள். நடக்கக்கூடியவர்களுக்கு 10 மீற்றர் தூரத்தைக் கடக்கும் நேரத்தை அளந்து வேகத்தைக் கணிக்கலாம். விநாடிக்கு 0.4 மீற்றருக்குக் குறைந்த வேகம் வீட்டுக்குள் நடமாடவே போதும், 0.8க்கு மேற்பட்டால் வெளியே சந்தை, கோயில் என்று போய்வரலாம் என்பது பாரிசவாத நோயாளர்களிடம் பரவலாகக் கையாளப்படும் பிரிப்பு. கதிரையிலிருந்து எழுந்து 3 மீற்றர் நடந்து திரும்பி வந்து அமரும் நேரத்தைக் குடும்பத்தவரே மணிக்கூட்டை வைத்து அளக்கலாம், பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நின்றால்.

படி 3: இலக்கை இடத்தோடு சேர்த்துச் சொல்லுதல்

"நடக்கவேண்டும்" என்பது இலக்காகாது. படுக்கையிலிருந்து குளியலறை வரை ஒருவர் துணையோடு போதல், வாசற்படியைத் தாண்டி விறாந்தைக்கு வருதல், நல்லூர் வெளிவீதியை ஊன்றுகோலோடு ஒருமுறை சுற்றி வருதல் என்று இடமும் தூரமும் துணையும் சேர்த்துச் சொன்னாற்றான் இயன்மருத்துவர் பயிற்சியை அதற்கேற்ப அமைக்க முடியும். வெளிவீதி என்றால் மணலும் வெறுங்காலும் சனநெரிசலும் என்று பொருள்; குளியலறை என்றால் ஈரத்தரையும் திரும்பலும். இரண்டுக்குமான பயிற்சி ஒன்றல்ல.

முண்ணாண் முழுதாகத் துண்டிக்கப்பட்டவருக்கு, சட்டத்தை அணிந்து நடப்பது உடற்பயிற்சியாகவும் நிமிர்ந்து நிற்கும் மனநிறைவாகவும் அமையலாம். சட்டம் கழற்றிய பின் நடை வரும் என்ற எதிர்பார்ப்பை யாரும் ஊட்டக்கூடாது. அதை வைத்தியர் முதலிலேயே நேராகச் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள் கேட்கவேண்டும்.

படி 4: நிலையத்தைத் தேர்ந்தெடுத்தல்

கொழும்புக்கோ, பலாலியிலிருந்து சென்னைக்கோ போகும் எண்ணம் இருந்தால், முற்பணம் கட்டும் முன் சில கேள்விகளுக்குப் பதில் பெறுங்கள். கருவி எந்த வகை, நோயாளியின் எடைக்கும் தொடை நீளத்துக்கும் பொருந்துமா? ஓர் அமர்வில் உண்மையான நடை நேரம் எத்தனை நிமிடம்? ஒரு மணித்தியாலம் என்பார்கள். பட்டி பூட்டக் கழற்ற அதில் பாதி போய்விடும். கருவிக்கு வெளியே அதே நாளில் இயன்மருத்துவர் தரையில் பயிற்சி தருவாரா? முடிவில் எந்த அளவுகளை மீண்டும் எடுத்து எழுத்தில் தருவார்கள்? மின்சாரம் தடைப்பட்டால் நோயாளியை எப்படி இறக்குவார்கள்?

தரையில் பயிற்சி உண்டா என்பதே இவற்றுள் முக்கியமானது. கொக்ரேன் மீளாய்வு காட்டிய பயன் இயன்மருத்துவத்தோடு சேர்ந்த பயிற்சிக்கே உரியது. கருவி மட்டும் என்று சொல்லும் இடத்தை விட்டுவிடுங்கள், கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும். பொதுவாக கிழமைக்கு 3 முதல் 5 நாள் வீதம் 4 முதல் 8 கிழமை வரை தொடர்ந்து பயிற்சி அமையும். பத்து நாள் விடுமுறையில் போய் முடித்துவரக்கூடிய காரியம் இதுவன்று.

போக வசதியில்லாதவர்கள் மனம் தளரவேண்டியதில்லை. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் பாரிசவாதம் கண்ட 408 பேர் பங்குபற்றினார்கள். தாங்கு பட்டியோடு ஓடுபட்டையில் நடந்தவர்களும், வீட்டிலேயே இயன்மருத்துவரின் வழிகாட்டலில் வலுவும் சமநிலையும் பழகியவர்களும் ஓராண்டின் முடிவில் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறியிருந்தார்கள். அந்த ஆய்வில் ரோபோ பயன்படுத்தப்படவில்லை; ஆயினும் ஒழுங்கான வீட்டுப் பயிற்சியின் பெறுமதியை அது தெளிவாகக் காட்டுகிறது.

படி 5: அமர்வுக்கு முந்திய ஆயத்தம்

சாறமும் சேலையும் பட்டிக்குள் சுருண்டு தோலை உரசும். முழங்காலுக்குக் கீழே இறங்கும் மெல்லிய பருத்திக் காற்சட்டையே ஏற்றது. பின்பக்கம் மூடிய, நழுவாத சப்பாத்து வேண்டும். சாப்பிட்டு ஒன்றரை மணித்தியாலமாவது ஆகியிருக்கட்டும், ஆனால் வெறும் வயிற்றோடு வரக்கூடாது. இன்சுலின் போடுபவரின் குருதிச் சீனி அளவு 70 மி.கி./டெ.லீ.க்குக் கீழே இருந்தால் பயிற்சியைத் தொடங்கவே கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும், சலக்குழாய் உள்ளவர்கள் பையை வெறுமையாக்கிக் குழாய் மடியாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். தோலை, குறிப்பாக உணர்ச்சியற்ற இடங்களை, முன்னும் பின்னும் கண்ணால் பார்க்கவேண்டும். பயிற்சியால் ஏற்பட்ட சிவப்பு அரை மணித்தியாலத்துக்குள் மறையாவிட்டால் அடுத்த அமர்வுக்கு முன் பட்டியின் பஞ்சுறையை மாற்றச் சொல்லுங்கள்.

சித்திரை, வைகாசி வெக்கையில் இன்னொரு கவனமும் தேவை. முண்ணாண் உயரத்தில் காயப்பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. உடல் விரைவில் சூடேறும். மின்விசிறியும் குடிநீரும் உள்ள அறையில், காலை நேரத்தில் பயிற்சியை வைத்துக்கொள்வது நல்லது.

படி 6: பொருத்துதல்

சட்டத்தின் இடுப்பு மூட்டு நோயாளியின் இடுப்பு மூட்டுக்கு நேராகவும், முழங்கால் மூட்டு முழங்காலின் மடிப்புக் கோட்டுக்கு நேராகவும் இருக்கவேண்டும். ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் பிசகினாலும் ஒவ்வொரு காலடியிலும் பட்டி தோலை இழுக்கும். ஆயிரம் காலடிக்குப் பின் அது புண்ணாகும். இதனாலேயே முதல் பொருத்தலுக்கு நேரம் எடுப்பதைக் குடும்பத்தவர் பொறுமையோடு ஏற்கவேண்டும், அவசரப்படுத்தக்கூடாது. பாதம் தொங்குபவர்களுக்கு முன்பாதத்தைத் தூக்கிப் பிடிக்கும் நாடா போடப்படும். பாரிசவாதத்தில் தோள் தளர்ந்தவரின் கையைக் கட்டாயம் தாங்கிவைக்கவேண்டும். தாங்கு பட்டி அக்குளுக்குள் ஏறி அந்தத் தோளை மேலே இழுத்தால் பல மாதம் போகாத வலி வரும். பொருத்தியவுடன் அவசர நிறுத்து பொத்தான் எங்கே என்று நோயாளிக்கும் உடனிருப்பவருக்கும் காட்டச் சொல்லுங்கள்.

படி 7: முதல் அமர்வு

முதல் நாளில் நோக்கம் பழக்கம் மட்டுமே. உடல் எடையின் பாதி வரை பட்டி தாங்க, மணிக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோமீற்றர் வேகத்தில், கருவியின் உதவி முழு அளவில், பத்து நிமிடம் போதும். பாதத்தைக் காற்றில் தொங்கவிட்டபடி அசைவைப் பார்த்து, நடை சீராக வந்த பின்னரே பட்டையில் இறக்குவார்கள். குதிக்கால் முதலில் படுகிறதா, நிற்கும் காலின் முழங்கால் மடிகிறதா, உடல் ஒரு பக்கம் தொங்குகிறதா என்பவற்றை இயன்மருத்துவர் கவனிப்பார். தசை விறைப்பு மிகுந்தால் கருவி தானே நின்றுவிடும். அது பழுதன்று, காப்பு ஏற்பாடு.

படி 8: உதவியைக் குறைத்துக்கொண்டு போதல்

பயிற்சியின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. பல இடங்களில் கவனிக்காமல் விடப்படுவதும் இதுவே. முழு உதவியோடு கருவி நேர்த்தியாக நடத்திக்கொண்டே இருக்கும், திரையில் தூரம் ஏறிக்கொண்டே போகும், நோயாளியின் தசைகள் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். பிள்ளைக்குச் சைக்கிள் பழக்கும் தகப்பன் சீற்றை எப்போது விடுவது என்று பார்த்துக்கொண்டே பின்னால் ஓடுவதைப் போல, இயன்மருத்துவரும் உதவியை எப்போது குறைக்கலாம் என்று ஒவ்வோர் அமர்விலும் தேடவேண்டும்.

மாற்றக்கூடிய அளவுகள் மூன்று: பட்டி தாங்கும் எடை, கால்களை வழிநடத்தும் விசை, வேகம். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றினால் நடை கெட்டது எதனால் என்று தெரியாது. முதலில் தாங்கும் எடையைச் சிறிது சிறிதாகக் குறைப்பது பெரும்பாலும் பொருந்தும். நிற்கும் காலின் முழங்கால் மடியத் தொடங்கும் இடமே அன்றைய எல்லை. அதற்குச் சற்று மேலே நிறுத்தவேண்டும். அடுத்து வழிநடத்தும் விசையைக் குறைக்கும்போது நோயாளி தானே காலை முன்னால் கொண்டுவர முயலவேண்டியிருக்கும்; காலடிகள் சற்றுக் கோணலாகும். அந்தக் கோணலுக்குப் பயந்து உடனே உதவியைக் கூட்டிவிடாதீர்கள். தவறித் திருத்திக்கொள்ளும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. வேகத்தைக் கடைசியில் கூட்டலாம்.

நோயாளி உண்மையில் உழைக்கிறாரா என்று அறிய எளிய வழி, எவ்வளவு கடினமாக இருக்கிறது என்று பூச்சியம் முதல் 10 வரை எண் சொல்லச் சொல்வது. 2 என்றால் கருவி சுமக்கிறது. 4, 5 என்றால் பயிற்சி நடக்கிறது. 8க்கு மேலென்றால் ஓய்வு கொடுங்கள். திரையில் வரும் விளையாட்டுகளும் கோடுகளும் முயற்சியைக் கூட்ட உதவும், ஆனால் ஒவ்வோர் அமர்விலும் சில நிமிடங்கள் திரையை அணைத்துவிட்டு நடக்கவையுங்கள். வீட்டு விறாந்தையில் திரை இருக்காது. உடனிருப்பவர்கள் "கெட்டிக்காரன், நல்லா நடக்கிறார்" என்று புகழ்வதைவிட, "இடது முழங்காலைத் தூக்குங்கோ" என்று ஒரே ஒரு குறிப்பை இயன்மருத்துவர் சொன்னபடி திருப்பிச் சொல்வது பயன் தரும்.

படி 9: சமநிலைப் பயிற்சி

கருவிக்குள் நன்றாக நடந்தவர் வெளியே இறங்கியதும் தடுமாறுவதைக் கண்டு குடும்பம் ஏமாறுவது வழக்கம். காரணம் முன்னரே சொன்னதுதான்: சட்டம் இடுப்பைப் பிடித்திருந்தது. ஆரோக்கியமான நடையில் எடை ஒவ்வோர் அடியிலும் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது; அந்த மாற்றத்தை நிறுத்தி வைத்த பயிற்சியில் சமநிலை வளராது. புதிய சில கருவிகளில் இடுப்பு பக்கவாட்டில் அசைய இடமளிக்கும் பகுதி உண்டு. அது உள்ளதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

சமநிலை மேடையில் முதலில் இருந்தபடி உடலைச் சாய்த்து நிமிரவும், பின்னர் நின்றபடி எடையைப் பாதிக்கப்பட்ட காலுக்கு மாற்றவும் பழகுவார்கள். அதன் பின் மேடை எதிர்பாராமல் சிறிது சரியும் அல்லது நழுவும். நோயாளி ஒரு காலை எடுத்துவைத்து விழாமல் தப்பவேண்டும். இந்த மீட்பு அடிதான் முற்றத்தில் கல் தடுக்கும்போது அவரைக் காப்பது. தாங்கு பட்டி பூட்டியிருப்பதால் இங்கே பயமின்றித் தவறலாம். வீட்டில் அது முடியாது என்பதால் இந்தப் பகுதிக்குக் கூடுதல் அமர்வுகள் கேட்பதில் தவறில்லை. எனக்குத் தெரிவு தந்தால், ஓரளவு நடக்கத் தொடங்கியவருக்குச் சட்டத்துக்குள் பூட்டிய நடையைவிட, கூரைத் தண்டவாளப் பட்டியோடு தரையில் திரும்பவும் குனியவும் தடை தாண்டவும் பழகும் அமர்வுகளையே தேர்வேன்.

படி 10: உடனே நிறுத்தவேண்டிய அறிகுறிகள்

நெஞ்சு நோ, மூச்சு முட்டல், தலைச்சுற்று, முகம் வெளிறல், பேச்சுக் குழறல், திடீர் மூட்டு வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும் பொத்தானை அழுத்துங்கள். நெஞ்சின் நடுப்பகுதிக்கு மேலே முண்ணாண் காயப்பட்டவருக்குத் திடீரெனத் தலை பிளப்பதுபோல வலியும், முகம் சிவந்து வியர்வையும் வந்தால் அது குருதி அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுவதன் அறிகுறியாக இருக்கலாம். அவரைப் படுக்கவைக்கக்கூடாது, நிமிர்த்தி இருத்தி, பட்டிகளைத் தளர்த்தி, சலக்குழாய் மடிந்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, வைத்தியரை அழைக்கவேண்டும்.

படி 11: கருவியிலிருந்து வீட்டு முற்றத்துக்கு

ஒவ்வோர் அமர்வும் முடிந்த கையோடு, கால்களில் அந்த அசைவு இன்னும் புதிதாக இருக்கும்போதே, தரையில் சில நிமிடமாவது நடக்கவேண்டும். முதலில் இரு கைக்கம்பிகளுக்கு இடையில், பின்னர் நாற்கால் ஊன்றுகோலோடு. உடன் செல்பவர் பாதிக்கப்பட்ட பக்கத்தில் சற்றுப் பின்னால் நின்று, இடுப்புப் பட்டியைப் பிடிக்கவேண்டும். கையைப் பிடித்து இழுத்தால் தளர்ந்த தோள் கழன்றுவிடும். படியேறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது பலவீனமான கால் முன்னே.

வீட்டுக்கு வந்த பின் சந்திக்கும் தரை நிலையத்தின் தரையைப் போன்றதன்று. பழைய வீடுகளின் உயர்ந்த வாசற்படி, மணல் முற்றம், வழுக்கும் கிணற்றுக்கட்டு, குந்தியிருக்கும் மலகூடம் என ஒவ்வொன்றும் தனிச் சவால். நிலையத்தில் இருக்கும்போதே இவற்றின் படங்களைக் கைபேசியில் இயன்மருத்துவருக்குக் காட்டுங்கள். வாசற்படியின் உயரத்தை அளந்து சொன்னால் அதே உயரத்தில் ஒரு கட்டையை வைத்துப் பழக்க அவரால் முடியும். கிணற்றடிக் குளிப்பை விட்டு, கைப்பிடி பூட்டிய குளியலறையில் கதிரையில் இருந்து குளிக்கலாம்; மலகூடத்துக்கு உயர்ந்த இருக்கை வைக்கலாம். இவ்விடயங்களில், நாளாந்த வேலைகளைச் செய்யப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளரின் ஆலோசனை பெரிதும் உதவும்.

வெறுங்கால் நடையைத் தனியாகக் குறிப்பிடவேண்டும். பாதம் தொங்குபவர்களுக்குக் கொடுக்கப்படும் கணுக்கால் தாங்கி பெரும்பாலும் சப்பாத்துக்குள் அணியும்படி செய்யப்பட்டது. நாமோ வீட்டுக்குள்ளும் கோயிலிலும் சப்பாத்தைக் கழற்றிவிடுவோம். கழற்றியவுடன் தாங்கி வழுக்கும் அல்லது பயனற்றுப் போகும், பெருவிரல் படியில் தட்டும். வீட்டுக்குள் மட்டும் அணியும் சப்பாத்துச் சோடி ஒன்றை வைத்துக்கொள்வதோ, நழுவா அடிப்பகுதியோடு தாங்கியைச் செய்து தரச் சொல்வதோ இதற்குத் தீர்வு. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு சுடுமணலில் நடக்கவே கூடாது.

நாளாந்த வீட்டுப் பயிற்சி சுருக்கமாக இருந்தாற்றான் நிலைக்கும்: கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து இருத்தல், சமையலறை மேசையைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடத்தல், கொடியில் துணி போடுவதுபோலக் கையை எட்டி நீட்டல், விறாந்தையில் நடை. களைப்பின் அளவை முன் சொன்ன எண்ணாலேயே கணியுங்கள்.

படி 12: மீள அளத்தலும் தொடர்வதா என்ற முடிவும்

நான்கு கிழமைக்கு ஒருமுறை படி 2இன் அளவுகளை மீண்டும் எடுங்கள், கூடியவரை அதே ஆள், அதே இடம், அதே சப்பாத்து. நடைவேகம் விநாடிக்கு 0.1 மீற்றர் கூடியிருந்தாலோ, பேர்க் அளவுகோலில் ஐந்து புள்ளி ஏறியிருந்தாலோ, இருவர் துணை ஒருவர் துணையாகக் குறைந்திருந்தாலோ அது உண்மையான முன்னேற்றம், அமர்வுகளைத் தொடரலாம். கருவியின் திரையில் மட்டும் தூரம் கூடி, தரையில் இந்த எண்கள் அசையாமல் இருந்தால், அமைப்பை மாற்றிப் பார்க்கும்படி இயன்மருத்துவரிடம் கேளுங்கள். மாற்றியும் அடுத்த நான்கு கிழமையில் அசைவில்லையென்றால், கருவியை நிறுத்தி, மிஞ்சிய பணத்தை வீட்டுக்கு வந்து பழக்கும் இயன்மருத்துவருக்கும் கைப்பிடிகளுக்கும் பொருத்தமான சக்கர நாற்காலிக்கும் செலவிடுவதே என் ஆலோசனை. ஒருவர் துணையோடு தரையில் நடக்கத் தொடங்கிவிட்டாலும் சட்டத்துக்குள் பூட்டிய நடையை நிறுத்திவிடலாம். அந்தக் கட்டத்தில் தரைப் பயிற்சியே அவருக்குக் கூடுதல் பயன் தரும். முடிவு எதுவாயினும் அளவுத் தாள்களின் பிரதியொன்றை யாழ் போதனா வைத்தியசாலைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்திருங்கள். அடுத்து அவரைப் பார்க்கும் வைத்தியருக்கு முதலில் தேவைப்படுபவை அவைதாம்.